சாதாவா, பவரா? பெர்ஃபார்மன்ஸ் காருக்கு எந்த பெட்ரோல் போடுவது

வேலூர் கிரீன் சர்க்கிள் பக்கம் நின்றாலும் சரி, பள்ளிகொண்டா டோலைத் தாண்டி நின்றாலும் சரி, பங்க்கில் முதலில் வரும் கேள்வி இதுதான்: "சாதாவா சார், பவரா?" சின்ன கார் வைத்திருப்பவர் யோசிக்காமல் "சாதா" என்று சொல்லிவிடுவார். "பவர்" என்பது கூடுதல் விலையில் விற்கும் பிரீமியம் பெட்ரோல். டர்போ கார் வாங்கியவருக்குத்தான் குழப்பம். இவ்வளவு காசு கொடுத்து வாங்கிய வண்டிக்கு மலிவான பெட்ரோலா என்று மனசு உறுத்தும். பக்கத்து சீட்டில் இருக்கும் நண்பர், "பவர் போடுடா, பிக்கப் எகிறும்" என்பார். சர்வீஸுக்கு விடும் இடத்தில் மெக்கானிக் அண்ணன், "எல்லாம் ஒரே எண்ணெய்தான் தம்பி, காசைக் கரியாக்காதே" என்பார்.

இரண்டு பேர் சொல்வதும் சில வண்டிகளுக்குச் சரி, சில வண்டிகளுக்குத் தப்பு. எந்த வண்டிக்கு எது என்பது பெட்ரோலின் பெயரிலும் இல்லை, காரின் விலையிலும் இல்லை. இன்ஜினுக்குள் ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்குள் நடக்கிற ஒரு சங்கதியில் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் பங்க்கில் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

## அந்த எண் எதைச் சொல்கிறது

பங்க்கில் 91, 95, 97, 100 என்று எண்கள் பார்க்கிறோம். இதற்கு ஆக்டேன் எண் என்று பெயர். எண் கூடினால் சக்தி கூடும் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அப்படி நினைப்பதில் தப்பில்லை, பெட்ரோலுக்கு வைத்த பெயர்களே அப்படி இருக்கின்றன: பவர், ஸ்பீட்.

ஆனால் ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் கிடைக்கும் சக்தி சுமார் 32 மெகாஜூல். 91 ஆக்டேனிலும் கிட்டத்தட்ட அதுதான், 97 ஆக்டேனிலும் கிட்டத்தட்ட அதுதான். ஆக்டேன் எண் அளப்பது வேறு ஒன்றை. அழுத்தமும் சூடும் ஏற ஏற, பெட்ரோல் தானாகத் தீப்பிடிக்காமல் எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கும் என்பதைத்தான் அது சொல்கிறது. எண் பெரிதாக இருந்தால் அந்தப் பெட்ரோல் அவ்வளவு சீக்கிரம் தானாகப் பற்றாது.

தீப்பிடிப்பதற்காகவே ஊற்றும் ஒரு பொருள் தீப்பிடிக்காமல் இருப்பதை ஏன் பெருமையாகச் சொல்ல வேண்டும்? அதற்கு சிலிண்டருக்குள் போக வேண்டும்.

## அழுத்தினால் சூடேறும்

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், சுடும். உரசலால் வரும் சூடு கொஞ்சம்தான். காற்றைச் சின்ன இடத்தில் திணித்தால் அதன் சூடு ஏறும் என்பதுதான் முக்கியக் காரணம்.

கார் இன்ஜினில் நடப்பதும் அதேதான், இன்னும் பலமாக நடக்கிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றும் பெட்ரோலும் சிலிண்டருக்குள் வருகின்றன. பிஸ்டன் மேலே ஏறும்போது அந்தக் கலவை அப்படியே நசுங்குகிறது. எத்தனை மடங்கு நசுங்குகிறது என்பதற்கு கம்ப்ரஷன் ரேஷியோ என்று பெயர். 10க்கு 1 என்றால், பத்துப் பங்கு இடத்தில் இருந்த கலவை ஒரு பங்கு இடத்துக்குள் அடைபடுகிறது என்று அர்த்தம். அந்த அளவுக்கு நசுக்கும்போதே கலவையின் சூடு 300 டிகிரியைத் தாண்டிவிடும். அதுவரைக்கும் தீப்பொறி விடும் ஸ்பார்க் பிளக் எதுவும் செய்யவில்லை.

இவ்வளவு நசுக்குவதற்குக் காரணம் உண்டு. நன்றாக நசுக்கிய கலவை எரியும்போதுதான் அதே பெட்ரோலிலிருந்து அதிக வேலை கிடைக்கும். அதனால் வேகமான கார் செய்பவர்கள் முடிந்தவரை நசுக்கத்தான் பார்ப்பார்கள்.

## எப்போது தள்ளுவது

இப்போது ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். குழந்தை ஊஞ்சலில் நம்மை நோக்கிப் பின்னால் வருகிறது. வந்து, ஒரு கணம் நின்று, முன்னால் போகத் தொடங்கும்போது தள்ளினால் ஊஞ்சல் உயரப் போகும். அது இன்னும் நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கும்போதே அவசரப்பட்டுத் தள்ளினால் என்ன ஆகும்? நம் கை வலிக்கும், ஊஞ்சல் தடுமாறும், குழந்தை விழவும் செய்யலாம்.

பிஸ்டனையும் அப்படித்தான் தள்ள வேண்டும். அது மேலே ஏறி முடித்து, இறங்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அழுத்தம் உச்சத்துக்கு வர வேண்டும். ஆனால் கலவை சட்டென்று ஒரே கணத்தில் எரிந்துவிடாது. ஸ்பார்க் பிளக்கில் தொடங்கிய தீ சிலிண்டரின் ஓரம் வரை பரவ ஓரிரண்டு மில்லி செகண்ட் ஆகும். 3000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 3000 சுற்றில், இன்ஜின் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுவதற்கே 20 மில்லி செகண்ட்தான் ஆகிறது. அதனால் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்பாகவே பிளக்கில் பொறி விழ வேண்டியிருக்கிறது. எவ்வளவு முன்பாக என்பதுதான் இக்னிஷன் டைமிங்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: கலவையை எவ்வளவு நசுக்குகிறோமோ அவ்வளவு பலன் உண்டு, அவ்வளவு சூடும் உண்டு. தீ சரியான நேரத்தில் தொடங்கி, ஒழுங்காகப் பரவி, பிஸ்டன் இறங்கத் தொடங்கியதும் தள்ள வேண்டும்.

## நாக்கிங்

பிளக்கில் பொறி விழுந்துவிட்டது. தீ நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி வருகிறது. எரிந்த பகுதி விரிந்து, இன்னும் எரியாமல் ஓரத்தில் இருக்கும் கலவையை மேலும் நெருக்குகிறது. ஏற்கெனவே சூடாக இருந்த அந்த ஓரத்துக் கலவை இன்னும் சூடாகிறது. தீ தன்னிடம் வந்து சேரும்வரை அது பொறுத்திருந்தால் எல்லாம் சுமுகம். பொறுக்காமல் தானாகவே பற்றிக்கொண்டால், அந்தப் பகுதி மொத்தமும் ஒரே நேரத்தில் வெடிக்கும். அந்த அதிர்ச்சி அலை சிலிண்டர் சுவரில் மோதும் சத்தம்தான் வெளியே கேட்கிறது. இதைத்தான் நாக்கிங் என்கிறோம்.

இந்தச் சத்தத்தை நம் ஊர்க்காரர்கள் கேட்க வாய்ப்புள்ள இடம் ஏலகிரி ஏற்றம். மதியம் இரண்டு மணி, வண்டியில் நாலு பேர், ஏசி ஓடுகிறது. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றைத் திரும்பியதும் கியரை இறக்காமல், மூன்றிலேயே வைத்து ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறோம். அப்போது பானெட்டுக்கு அடியிலிருந்து மெல்லிய உலோகச் சத்தம், டிக்டிக்டிக் என்று வரும். மிதியைத் தளர்த்தினால் போய்விடும். பலர் அதை வால்வு சத்தம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அங்கே அந்தச் சத்தம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது சூடான கலவை தானாகப் பற்றிக்கொள்ள நிறைய அவகாசம் கிடைக்கிறது. மிதி முழுக்க இருப்பதால் சிலிண்டருக்குள் கலவையும் நிறைய இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் நாக்கிங்குக்கு வேறென்ன வேண்டும்? ஒரு கியர் இறக்கினாலே பல நேரம் சத்தம் நின்றுவிடும். பெட்ரோலை மாற்றுவதற்கு முன்னால் செய்து பார்க்க வேண்டியது இது, காசும் ஆகாது.

நாக்கிங் பலமாக, தொடர்ந்து இருந்தால் என்ன ஆகும் என்று தெரிய, அப்படிப் போன ஒரு பிஸ்டனை ஒர்க்ஷாப்பில் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். நடுப்பகுதி வழவழவென்று இருக்கும். ஓரத்தில் மட்டும் விரலால் தடவினால் சொரசொரவென்று இருக்கும், ஊசியால் குத்திக் குத்தி எடுத்த மாதிரி பொடிக் குழிகள். இன்னும் மோசமான பிஸ்டனில் ரிங்குகளுக்கு இடையில் இருக்கும் அலுமினிய விளிம்பு விண்டு, துண்டாகக் கையோடு வரும். இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்க ஆகும் செலவுக்குப் பல வருடம் பவர் பெட்ரோல் போட்டுவிடலாம்.

## 91, 95 எங்கிருந்து வந்தன

நாக்கிங் நூறு வருடத்துக்கு முன்பே கார் செய்பவர்களைப் படாத பாடு படுத்தியது. 1921-ல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர், ஈயம் கலந்த ஒரு சேர்மத்தைப் பெட்ரோலில் துளி சேர்த்தாலே நாக்கிங் அடங்கிவிடுவதைக் கண்டுபிடித்தார். இன்ஜினுக்கு நல்லது, மனிதனுக்கு விஷம். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல்தான் முழுதாக நின்றது.

அளவுகோல் 1920-களின் பிற்பகுதியில் வந்தது. ஐஸோ ஆக்டேன் என்ற திரவம் நாக்கிங்கை நன்றாகத் தாங்கும், அதற்கு 100 மதிப்பெண். ஹெப்டேன் என்ற திரவம் சுத்தமாகத் தாங்காது, அதற்கு 0. இரண்டையும் கலந்தால் இடைப்பட்ட எண்கள் கிடைக்கும். கம்ப்ரஷன் ரேஷியோவை ஏற்றி இறக்கக்கூடிய ஒரு சோதனை இன்ஜினில் நம் பெட்ரோலை ஓட்டிப் பார்ப்பார்கள். 95 பங்கு ஐஸோ ஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவை எப்படி நடந்துகொள்கிறதோ அப்படியே நம் பெட்ரோலும் நடந்துகொண்டால், அதன் எண் 95. அதற்குள் 95 சதவீதம் ஆக்டேன் இருக்கிறது என்று பொருள் இல்லை. இப்படி 600 ஆர்பிஎம்மில் அளந்த எண்ணுக்கு ஆர்.ஓ.என். என்று பெயர். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் சொல்வது இந்த எண்ணைத்தான்.

இங்கே ஒரு பெரிய குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் நம் பையன்கள் கார் பற்றிப் படிப்பதும் பார்ப்பதும் பெரும்பாலும் அமெரிக்க வீடியோக்கள். அமெரிக்காவில் பம்ப்பில் எழுதியிருக்கும் எண், ஆர்.ஓ.என்.னையும் இன்னும் கடுமையான வேறொரு சோதனையின் எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்தது. அதனால் அது எப்போதும் சின்னதாகத் தெரியும். அங்கே சாதா பெட்ரோல் 87. அது நம் 91-க்குச் சமம். அங்கே 91 என்பது பிரீமியம். அது நம் கணக்கில் 95, 96 வாக்கில் வரும். அவர்களுடைய 93 நம் 98-க்குப் பக்கத்தில் நிற்கும். "இந்தக் காருக்கு 91 போதும்" என்று ஒரு அமெரிக்கர் வீடியோவில் சொல்வதைக் கேட்டு இங்கே 91 போட்டால், அவர் பிரீமியத்தைச் சொல்லியிருக்கிறார், நாம் சாதாவைப் போட்டிருக்கிறோம். (சாதா என்றால் 91 என்ற இந்தக் கணக்கு எத்தனால் கலந்த பிறகு மாறியது, அதைப் பின்னால் பார்ப்போம்.)

## டர்போவும் கத்திரி வெயிலும்

டர்போ இல்லாத இன்ஜின் தனக்கு வேண்டிய காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது. டர்போ இருந்தால், புகைபோக்கி வழியாக வெளியேறும் வேகத்தில் ஒரு விசிறி சுழன்று, காற்றை முன்கூட்டியே நசுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. சின்ன இன்ஜின் பெரிய இன்ஜின் மாதிரி இழுப்பதன் ரகசியம் இதுதான். ஆனால் அழுத்தினால் சூடேறும் என்று பார்த்தோமே, அது இங்கேயும் உண்டு. நன்றாக மிதித்து ஓட்டும்போது டர்போவை விட்டு வரும் காற்று 100 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அதை ஆற்ற இன்டர்கூலர் என்று ஒரு ரேடியேட்டர் வைத்திருப்பார்கள். அது எவ்வளவு ஆற்றினாலும் வெளிக்காற்றைவிடக் குளிராக்க முடியாது.

நம் ஊர் விஷயம் இங்கேதான் வருகிறது. கத்திரி வெயிலில் வேலூரில் 40 டிகிரிக்கு மேல் போவது யாருக்கும் புதிதல்ல. இன்ஜினுக்குள் போகும் காற்று 10 டிகிரி கூடுதல் சூடாகப் போனால், 10 மடங்கு நசுக்கி முடிக்கும்போது கூடுதல் சூடு 20 டிகிரி வாக்கில் ஆகிவிடும். மார்கழி விடியலில் 18 டிகிரியில் சத்துவாச்சாரியிலிருந்து கிளம்புவதும், மே மாத மதியம் 42 டிகிரியில் கிளம்புவதும் இன்ஜினைப் பொறுத்தவரை இரண்டு வேறு ஊர்கள். சிலிண்டருக்குள் கிட்டத்தட்ட 50 டிகிரி வித்தியாசம். அதே கார், அதே பெட்ரோல், குளிர்காலத்தில் சத்தமே இல்லாமல் ஓடிவிட்டு மே மாதம் தடுமாறலாம்.

குளிர் நாட்டில் இருந்துகொண்டு "சாதா போட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்பவரின் அனுபவத்தை நம் மே மாதத்துக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

## இன்ஜினுக்குக் காது உண்டு

நாக்கிங் இவ்வளவு ஆபத்து என்றால், தவறான பெட்ரோல் போட்ட கார்கள் எல்லாம் ரோட்டில் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. காரணம், இன்ஜின் பிளாக்கில் திருகி வைத்திருக்கும் ஒரு சின்ன உறுப்பு, நாக் சென்சார். அது அதிர்வை மின்சாரமாக மாற்றும் ஒரு படிகம். நாக்கிங்குக்கே உரிய அதிர்வு வந்ததும், காரின் கம்ப்யூட்டரான ஈசியூவுக்குத் தகவல் போகும். ஈசியூ உடனே பொறியைக் கொஞ்சம் தாமதமாக விடும். நம் காதுக்குச் சத்தம் எட்டும் முன்பே பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

ஆனால் இதற்கு ஒரு விலை இருக்கிறது. ஊஞ்சலை லேட்டாகத் தள்ளினால் தள்ளிய பலம் முழுதாகச் சேராது. தாமதமான பொறியில் இழுவை குறையும், மைலேஜ் குறையும், எரிந்த சூடு வேலையாக மாறாமல் புகைபோக்கி வழியாக வெளியே போகும். டர்போவும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டரும் அந்தக் கூடுதல் சூட்டைத் தாங்க வேண்டும்.

இந்த இடத்தில் நம் முதல் கேள்விக்கான பதில் உருவாகிவிட்டது. 95 கேட்கும் காருக்கு 91 போட்டால் கார் ஓடும், தன் முழு பலத்தைக் காட்டாமல் ஓடும். 91-க்காகச் செய்த காருக்கு 97 போட்டால்? அதன் ஈசியூவில் பொறி எப்போது விழ வேண்டும் என்பது 91-ஐ மனதில் வைத்து எழுதப்பட்டிருக்கிறது. நாக்கிங் வரவில்லை என்பதற்காக அது எல்லை மீறி முன்னால் போகாது. கூடுதலாகக் கொடுத்த காசுக்கு இன்ஜின் எதுவும் செய்யாது. ராயல் என்ஃபீல்டின் இப்போதைய 350 இன்ஜினில் கம்ப்ரஷன் ரேஷியோ 9.5 தான், டர்போவும் கிடையாது. அதற்கு 100 ஆக்டேன் ஊற்றிவிட்டு "ஸ்மூத்தா போகுது மச்சான்" என்று சொல்வது மனசு சொல்வது.

## மூடியைத் திறந்து பாருங்கள்

இந்தப் பிரச்சினைக்கு முடிவான பதில் உங்கள் காரிலேயே எழுதியிருக்கிறது. பெட்ரோல் டேங்க் மூடியின் உள்பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பம்ப் படமும், ஆர்.ஓ.என். என்ற எழுத்துகளும், ஓர் எண்ணும். வெயில் பட்டு மங்கியிருந்தால் மேனுவலில் எரிபொருள் பகுதியைப் பாருங்கள். சில கார்களில் இரண்டு எண்கள் இருக்கும்: ஒன்று குறைந்தபட்சம், மற்றது பரிந்துரை. இந்த இரண்டு சொற்களையும் ஒன்றாக்கிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை.

குறைந்தபட்சம் 95 என்றால் பேச்சுக்கு இடமில்லை, அதற்குக் கீழே போடக் கூடாது. குறைந்தபட்சம் 91, பரிந்துரை 95 என்றால், 91-ல் பத்திரமாக ஓடும், 95-ல் கொஞ்சம் நன்றாக ஓடும். அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்று அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2017-ல் சோதித்தது. பிரீமியம் பரிந்துரைக்கப்பட்ட, ஆனால் கட்டாயமில்லாத கார்களில் சாதாவையும் பிரீமியத்தையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தார்கள். சராசரியாக மைலேஜ் 2.7 சதவீதம், பவர் 1.4 சதவீதம் கூடியது. அதற்கு முந்தைய வருடம், சாதாவே போதும் என்று சொல்லப்பட்ட கார்களில் பிரீமியம் போட்டுச் சோதித்தபோது குறிப்பிடும்படியாக எந்தப் பலனும் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். லிட்டர் 100 ரூபாய் பெட்ரோலுக்குப் பதில் 107 ரூபாய் பெட்ரோல் போட்டால் செலவு 7 சதவீதம் கூடுகிறது. மைலேஜில் 2, 3 சதவீதம்தான் திரும்புகிறது. பணத்தை மிச்சப்படுத்துவதற்காக யாராவது பிரீமியம் போடச் சொன்னால் அந்தக் கணக்கு நிற்காது. தினமும் காட்பாடி ரயில்வே ஸ்டேஷனுக்கும் பாகாயத்துக்கும் டிராஃபிக்கில் ஊர்ந்துகொண்டிருக்கும் காருக்கு, குறைந்தபட்ச எண் கிடைத்தால் போதும் என்பது என் கருத்து. மே மாதத்தில் குடும்பத்தோடு ஏலகிரி ஏறப் போகிறீர்கள், ஜவ்வாது மலைக்குப் போகிறீர்கள், அல்லது இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஒரு நாள் ஓட்டிப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், பரிந்துரைத்த எண்ணையே போடுங்கள். அந்த நாளில்தான் அந்தப் பெட்ரோலுக்கு வேலை இருக்கிறது.

சுருக்கமாக: மூடியில் இருக்கும் எண்ணுக்குக் கீழே போகாதீர்கள். அந்த எண்ணுக்கு மேலே போவது வீண்செலவு, காரே பரிந்துரைத்திருந்தால் தவிர.

## பெயரைக் கேட்காதீர்கள், எண்ணைக் கேளுங்கள்

பிரீமியம் என்ற ஒரே வார்த்தைக்குள் இரண்டு தனித்தனி விஷயங்களை வைத்து விற்கிறார்கள். ஒன்று கூடுதல் ஆக்டேன். மற்றொன்று, இன்ஜினில் படியும் கசடைக் கழுவும் ரசாயனம். ஒரு காலத்தில் தனிப் பெயரோடு, தனி விலையில் விற்ற பெட்ரோல்கள் பலவற்றில் ஆக்டேன் சாதா பெட்ரோலின் அளவிலேயே இருந்தது, கழுவும் ரசாயனம் மட்டும்தான் கூடுதல். அந்தக் காலத்தில் மெக்கானிக் அண்ணன் "எல்லாம் ஒரே எண்ணெய்தான்" என்று சொன்னதில் நியாயம் இருந்தது.

இப்போது எக்ஸ்பி95, ஸ்பீட் 97 என்று எண்ணைப் பெயரோடு சேர்த்தே வைக்கிறார்கள். நல்லதுதான். இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் எக்ஸ்பி100 என்று 100 ஆக்டேன் பெட்ரோலையும் கொண்டுவந்தது. பெயரில் எண் இல்லாத பிரீமியம் என்றால், "இது எத்தனை ஆக்டேன்?" என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். பங்க்கில் டென்சிட்டி பார்க்கச் சொல்லலாம், ஃபில்டர் பேப்பர் சோதனை கேட்கலாம், அதெல்லாம் வாடிக்கையாளரின் உரிமை. ஆனால் டென்சிட்டியை வைத்து ஆக்டேனைக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு அந்தச் சோதனை இன்ஜின்தான் வேண்டும்.

கழுவும் ரசாயனம் பற்றி ஒரு வார்த்தை. அது உண்மையில் வேலை செய்யும், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் சுத்தமாக இருக்கும். ஆனால் இப்போதைய டர்போ கார்கள் பலவற்றில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. காற்று வரும் வால்வின் மேல் பெட்ரோல் படுவதே இல்லை. அங்கே சேரும் கரியைப் பெட்ரோலில் கலந்த எந்த ரசாயனமும் தொட முடியாது.

## இ20 வந்த பிறகு

கணக்கைக் கொஞ்சம் மாற்றியது பெட்ரோலில் கலக்கும் எத்தனால் என்ற ஆல்கஹால். எத்தனாலின் ஆர்.ஓ.என். 108 வாக்கில். அது நாக்கிங்கை நன்றாகத் தாங்கும். ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சி, உள்ளே வரும் காற்றையும் ஆற்றும். ஆனால் லிட்டருக்கு அதில் இருக்கும் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் எத்தனால் கலந்தால் (இதுதான் இ20) ஒரு லிட்டரின் சக்தி 6, 7 சதவீதம் இறங்கும். ஆக்டேன் ஏறுகிறது, சக்தி இறங்குகிறது. ஆக்டேனும் சக்தியும் வெவ்வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

2020-ல் வாகனப் புகைக் கட்டுப்பாட்டு விதியான பிஎஸ்6 வந்தபோது சாதா பெட்ரோலின் குறைந்தபட்சம் 91. இ20 பெட்ரோலின் ஆர்.ஓ.என். 95 என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2025-ல் விளக்கம் கொடுத்தது. அப்படியானால், மூடியில் 95 போட்ட கார், சாதா பம்ப்பில் வரும் இ20-லேயே அந்த எண்ணை அடைந்துவிடுகிறது. 95 ஆக்டேன் பிரீமியத்துக்குக் கூடுதல் காசு கொடுத்தால், பெரும்பாலும் கழுவும் ரசாயனத்துக்குத்தான் கொடுக்கிறோம். 97, 98 கேட்கும் கார்களுக்கு மட்டும் பிரீமியத்தின் தேவை அப்படியே இருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியான ஸ்போர்ட்ஸ் கார்கள் பல இந்த ரகம், அங்கே சாதாவே 95 தான்.

ஆனால் இ20-க்கு வேறொரு கேள்வியும் உண்டு, உங்கள் காரின் ரப்பர் குழாய்களும் சீல்களும் அதைத் தாங்குமா என்பது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகள் அதற்கேற்ற பொருள்களால் செய்யப்பட்டவை. அதற்கு முந்தைய பெர்ஃபார்மன்ஸ் கார் என்றால் மேனுவலில் எத்தனை சதவீதம் எத்தனால் வரை அனுமதி என்று பார்த்துவிடுங்கள். ஆக்டேன் சரியாக இருப்பதால் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடாது.

## ரீமேப் செய்த கார்கள்

விஐடி பக்கம் போனால் "ஸ்டேஜ் ஒன்" போட்ட கார்கள் நிறையக் கண்ணில் படும். ஈசியூவில் உள்ள எண்களை மாற்றி எழுதி, டர்போ அழுத்தத்தை ஏற்றி, பொறியை முன்னால் தள்ளுவதுதான் ரீமேப். கம்பெனி மிச்சம் வைத்திருந்த பாதுகாப்பு இடைவெளியை எடுத்துத்தான் அந்தக் கூடுதல் குதிரைத்திறனைத் தருகிறார்கள். இப்படிச் செய்த காருக்கு மூடியில் உள்ள ஸ்டிக்கர் செல்லாது. எந்த ஆக்டேனுக்கு மேப் எழுதினார்களோ, அதுதான் அந்தக் காரின் குறைந்தபட்சம்.

இந்த விஷயத்தில் நான் கொஞ்சமும் இறங்கி வர மாட்டேன். 97-க்கு எழுதிய மேப்பில் சாதாவை ஊற்றி, மே மாதம் பைபாஸில் விரட்டுவது பிஸ்டனோடு விளையாடுவது. நாக் சென்சார் ஓரளவுக்குத்தான் காப்பாற்றும், அதன் எல்லைகளையும் சில மேப்களில் தளர்த்தி வைத்திருப்பார்கள். ரீமேப் செய்பவரிடம் குதிரைத்திறன் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், எத்தனை ஆக்டேனுக்கு எழுதுகிறீர்கள் என்று கேளுங்கள். தெளிவாக எண் சொல்லாதவரிடம் காரை விடாதீர்கள்.

## டேங்க்கில் கலந்துவிட்டால்

தவறுதலாகச் சாதா போட்டுவிட்டால் டேங்க்கை வடிக்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். இரண்டு ரகமும் பிரச்சினை இல்லாமல் கலக்கும், எண்ணும் ஏறக்குறைய சராசரியாகிவிடும். டேங்க்கில் 20 லிட்டர் 91 இருந்து மேலே 20 லிட்டர் 97 போட்டால், சுமார் 94 கிடைக்கும். குறைந்த ஆக்டேன் உள்ளே போய்விட்டால், டேங்க் பாதி இறங்கும்வரை மிதியை முழுதாக அழுத்தாதீர்கள், ஏற்றத்தில் ஒரு கியர் குறைவாகவே ஓட்டுங்கள், அடுத்த தடவை சரியான எண்ணை நிரப்புங்கள். ஆம்பூர், வாணியம்பாடி தாண்டி வெளியூர் போகும்போது பிரீமியம் எல்லா பங்க்கிலும் கிடைக்காது. கிடைத்தாலும் யாரும் வாங்காமல் நாள்கணக்கில் கிடந்ததாக இருக்கலாம். அதனால் 97, 98 கேட்கும் கார் வைத்திருப்பவர்கள், விற்பனை நன்றாக நடக்கும் நெடுஞ்சாலை பங்க்கில் கிளம்பும்போதே டேங்க்கை நிரப்பிக்கொள்வது நல்லது.